நாக்கைத் தூக்கிப் பார்

பூனைக்கு வாந்தி என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்பதைத்தான். என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை எடுத்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. காரணம் பாராசிட்டமால். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடுகிறதே என்று பாசத்தில் அரை மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து புகட்டிவிடுகிறார்கள். பூனையின் இயல்பான வெப்பமே 101, 102 டிகிரி இருக்கும். நம் கைக்குச் சுடத்தான் செய்யும். அந்த மருந்தை முறித்து வெளியேற்ற நம் கல்லீரலுக்கு இருக்கும் வழி, பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லவே இல்லை. சில மணி நேரத்தில் ஈறு சாக்லேட் நிறத்துக்கு மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும், உயிர் போய்விடும். அசிடைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு ஏற்ற வேண்டும். அதனால்தான் அந்தக் கேள்விக்கு முதலிடம். கேட்கிற குரலில் குற்றம் சாட்டும் தொனி துளி இருந்தாலும் உண்மை வெளியே வராது. "மேலு சூடா இருந்திருக்குமே, ஏதும் குடுத்துப் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டால் வந்துவிடும்.

இப்படிக் கேட்டுக் கேட்டு நோயை நெருங்கும் வேலைதான் என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்கேன் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இரண்டையும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் எதை எங்கே தேடுவது என்று அவற்றுக்குச் சொல்ல வேண்டியது நான். எனக்குச் சொல்ல வேண்டியவர், அந்தப் பூனையோடு ஒரே கூரையின்கீழ் இருக்கிறவர். பூனை வலியை மறைக்கிற பிராணி. மேசையில் ஏற்றியதும் விறைத்துப்போய், கண்ணை அகல விரித்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருக்கும். வீட்டில் அது என்ன செய்தது என்பதில்தான் நோய் தெரியும்.

இப்போது கைபேசி வந்ததில் எங்களுக்குப் பெரிய உபகாரம். "அடுத்த தடவை எடுக்கிறப்ப வீடியோ எடுத்துருங்க" என்று சொல்லி அனுப்புகிறேன். வாந்தி என்று சொல்லிக்கொண்டு வருவது எல்லாம் வாந்தி இல்லை. வயிறு இழுத்து இழுத்து, எச்சில் வடித்து, உழன்று வெளியே தள்ளினால் அது வாந்தி. இரைப்பையிலோ குடலிலோ அவற்றுக்கும் அப்பாலோ கோளாறு. எந்தச் சிரமமும் இல்லாமல், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தலையைக் குனிந்து, செரிக்காத தீனியை அப்படியே குழாய் வடிவில் விட்டுவிட்டுப் போனால் அது எதுக்களிப்பு. அங்கே உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும், அல்லது பக்கத்துத் தட்டுக்காரப் பூனையோடு போட்டி போட்டு அள்ளி விழுங்குகிறதா என்று கேட்க வேண்டும். மூன்றாவது ஒன்று உண்டு. கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகப் பதுங்கி, கக் கக் என்று சத்தம் போடும். வெளியே ஒன்றும் வராது. "தொண்டையில முடி சிக்கிருக்கு சார்" என்பார்கள். பெரும்பாலும் அது இருமல், பூனைக்கு வரும் ஆஸ்துமா. மாதக்கணக்கில் முடிப்பந்துக்கான பசையை நக்கவைத்துக்கொண்டிருப்பார்கள், நோய் நுரையீரலில் இருக்கும்.

முடிப்பந்து உண்மையிலேயே உண்டு. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. உடம்பை நக்கும்போது உதிரும் முடி அந்த முட்களில் மாட்டி உள்ளேதான் போகும். எப்போதாவது ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு உடனே தட்டைத் தேடிப் போகிற பூனையைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. வாரம் தவறாமல் எடுக்கிற பூனை வேறு. அதற்கு அரிப்போ மனக்கலக்கமோ இருந்து அளவுக்கு மீறி நக்குகிறது, அல்லது குடல் சரியாக அசையவில்லை.

அந்த முள்நாக்குதான் எங்கள் ஊரில் இன்னொரு ஆபத்தையும் கொண்டுவருகிறது. மதுரையில் வீட்டுக்கு வீடு பூ கட்டுகிறார்கள். முறத்தில் மல்லிகை, பக்கத்தில் நூல்கண்டு, நனைத்த வாழைநார், சுற்றிலும் அறுந்து கிடக்கும் துண்டுகள். பூனைக்குட்டிக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கிடையாது. நூல் வாய்க்குள் போய்விட்டால் துப்பவும் முடியாது. முட்கள் உள்ளேதான் தள்ளும்.

ஒரு அம்மா வயர்க்கூடையில் ஒரு வயதுப் பூனை ஒன்றைக் கொண்டுவந்தார். "ரெண்டு நாளா எதையும் தொட மாட்டேங்குது டாக்டரு. தண்ணி குடிச்சாலும் கக்கிருது." கூடையின் முடிச்சை அவர் அவிழ்க்கும்போது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நூல் அழுந்தி அழுந்திக் குறுக்கே தடம் விழுந்திருந்தது. "பூக் கட்டுறீங்களாம்மா?" "ஆமா தம்பி, விடிஞ்சா அதான பொழப்பு." அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. நேராகப் பூனையின் வாய்க்குப் போனேன்.

வாயைத் திறந்து மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஒரு கையால் தலையைப் பிடித்து, மற்றக் கையின் நடுவிரலால் கீழ்முன்பற்களை அழுத்தித் திறந்துகொண்டு, அதே கையின் கட்டைவிரலை வெளியிலிருந்து தாடையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தென்று இருக்கும் இடத்தில் வைத்து மேல்நோக்கி அழுத்த வேண்டும். நாக்கு எழும்பிக் கொடுக்கும், அடிப்பக்கம் தெரியும். அங்கே இருந்தது. நாக்கை வாயின் அடித்தளத்தோடு பிணைக்கும் மெல்லிய சவ்வைச் சுற்றி வெள்ளை நூல், சதையை அறுத்து உள்ளே பதிந்து, இரு ஓரமும் சிவந்து தடித்து. நூலின் இரு முனையும் தொண்டைக்குள் இறங்கிப் போயிருந்தன.

உள்ளே நடப்பது இதுதான். நூலின் மேல்பாகம் நாக்கில் மாட்டிக்கொண்டது, கீழ்முனை குடலுக்குப் போய்விட்டது. குடல் தன் வழக்கப்படி அலை அலையாக அசைந்து அதைக் கீழே தள்ளப் பார்க்கிறது. நூல் நகராது. அதனால் குடலே நூலின்மேல் ஏறிச் சுருங்கத் தொடங்குகிறது, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருக்கம் சுருக்கமாகக் கூடுவதுபோல. ஒவ்வொரு அசைவிலும் இழுபட்ட நூல் குடலின் உள்வளைவை அறுக்கும். அறுத்து ஓட்டை விழுந்தால் குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். நூலோடு ஊசியும் போயிருந்தால் எக்ஸ்ரேயில் ஊசி தெரியும், நூல் தெரியாது. கொத்தாகக் கூடிய குடலும், அதற்குள் சிறு சிறு காற்றுக்குமிழ்களும்தான் தெரியும்.

அறுவைச் சிகிச்சையில் முதல் வெட்டு வயிற்றில் விழுவதில்லை. நாக்கின் அடியில் நூலைக் கத்தரித்து இழுவிசையைத் தளர்த்திவிட்டுத்தான் வயிற்றைத் திறக்கிறோம். குடலையும் ஒரே இடத்தில் திறந்து மொத்த நூலையும் உருவுவதில்லை. உருவினால் அதுவே அறுத்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று இடத்தில் சிறிதாகத் திறந்து, துண்டு துண்டாக நறுக்கி எடுக்கிறோம். ஒவ்வொரு துண்டு விடுபடும்போதும் அந்தப் பகுதிக் குடல் கண்முன்னே மெல்ல விரியும், ஊதா நிறம் ரோஜா நிறத்துக்குத் திரும்பும். அந்த நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் நிமிடங்களுக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம். அந்தப் பூனை பிழைத்தது. அந்த அம்மா இப்போது நூலையும் நாரையும் மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறார்.

நூலால் வரும் ஆபத்து பூக் கட்டும் வீட்டோடு முடிவதில்லை. தையல் நூல் ஊசியோடு போகும். பரிசுப்பொட்டலத்து ரிப்பன், கறி வேகவைக்கும்போது கட்டிய நூல், பட்டத்து நூல், தலைமுடிக்குப் போடும் ரப்பர் எல்லாம் போகும். வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். தொங்குவதையும் நறுக்கிவிடாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

பாலைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். பூனைக்குப் பால் என்பது நமக்கு அவ்வளவு ஊறிப்போன விஷயம். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனையைத்தான் கம்பர் தம் அவையடக்கத்தில் தமக்கு உவமையாக வைத்தார். பூனைக்குப் பால் மேல் ஆசை உண்டு, சந்தேகமில்லை. செரிக்கும் சக்திதான் இல்லை. தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரையை உடைக்கும் நொதி குட்டியிடம் நிறைய இருக்கும், பால் மறந்தபின் குறைந்துவிடும். உடையாத சர்க்கரை பெருங்குடலில் நீரை இழுத்து, புளித்து, வாயுவும் பேதியுமாக வெளியேறும். எல்லாப் பூனைக்கும் ஒரே அளவில் இப்படி ஆவதில்லை. சிலது ஒரு கரண்டி தாங்கும். ஆனால் காரணம் தெரியாத பேதி என்று வரும் பூனைக்கு நான் எழுதும் முதல் வைத்தியம், பாலை நிறுத்திவிட்டு ஒரு வாரம் பார்ப்பது. அதிலேயே தீர்ந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தயிர்ச்சோறும் பூனையின் சாப்பாடு ஆகாது. இது பேதியைவிடப் பெரிய விஷயம். பூனை கறியும் மீனும் தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்தைத் தன் தேவைக்குத் தகுந்த அளவு அதன் உடம்பால் செய்துகொள்ள முடியாது, அது மாமிசத்தில்தான் உண்டு. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். டாரின் குறைவுக்கும் அந்த இதயநோய்க்கும் உள்ள தொடர்பு 1987-இல்தான் வெளியானது. கலிபோர்னியாவின் டேவிஸில் ஆய்வு செய்தவர்கள், டாரினைத் திரும்பக் கொடுத்ததும் இதயம் தேறுவதையும் காட்டினார்கள். சைவ வீடுகளில் பாசத்தோடு வளரும் பூனைகளுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் அடுப்படியில் கறி ஏற வேண்டாம், கடையில் விற்கும் பூனைத்தீனி போதும். மாற்றும்போது மட்டும் பழைய தீனியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் அதற்கே பேதி ஆகும்.

"லூஸ் மோஷன் சார்" என்றால் என் அடுத்த கேள்விகள் கொஞ்சம் அருவருப்பானவை. எவ்வளவு, எத்தனை தடவை, என்ன நிறம்? நிறைய நிறைய, நாளைக்கு இரண்டு மூன்று தடவை, பூனையும் இளைக்கிறது என்றால் சிறுகுடல். துளித்துளியாக, அடிக்கடி ஓடி ஓடிப் போய், சளியும் புதுரத்தமுமாக என்றால் பெருங்குடல். தாராகக் கறுத்திருந்தால் மேலே எங்கோ ரத்தம் கசிகிறது. இதற்குப் பதில் சொல்லப் பாதிப் பேரால் முடிவதில்லை. பூனை மொட்டைமாடிக்கோ பக்கத்து மனைக்கோ போய் மண்ணைத் தோண்டி மூடிவிட்டு வருகிறது, யார் பார்த்தார்கள்? அப்படிப்பட்ட பூனையை ஒருநாள் குளியலறையில் மணல்தட்டோடு அடைத்துவைக்கச் சொல்கிறேன். அந்த ஒருநாளில் கிடைக்கும் தகவல், ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனைக்குச் சமம்.

குட்டிகள் என்றால் பூச்சி. தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு குட்டிக்கு வந்துவிடும். அதனால்தான் மூன்று வாரத்திலேயே பூச்சிமருந்தைத் தொடங்குகிறோம். ஆசனவாயின் ஓரத்தில் அரிசி அளவில் வெள்ளையாக ஒட்டி அசைந்தால் நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மறுபடி வரும். பல்லி பிடித்துத் தின்னும் பூனைக்குக் கல்லீரலின் பித்தநாளத்தில் தட்டைப்புழு சேரலாம். நத்தையிலிருந்து சிறு உயிர்கள் வழியாகப் பல்லிக்கு வந்து, பல்லியிலிருந்து பூனைக்கு வருகிறது அது. வெப்பநாடுகளின் நோய் அது. மஞ்சள்காமாலையும் வாந்தியும் பசியின்மையுமாக வரும் பூனைக்கு, "பல்லி பிடிக்குமா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

ஊசி போடாத குட்டி, திடீரென்று சோர்ந்து, வாந்தியும் பேதியுமாகி, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காமலே உட்கார்ந்திருந்தால், எனக்கு அடிவயிறு கலங்கும். பேன்லூகோபீனியா. நாய்க்கு வரும் பார்வோ வைரஸின் நெருங்கிய உறவு. நாய்க்கான பார்வோ சோதனை அட்டையிலேயே பூனையின் மலத்தைச் சோதித்துக் கண்டுபிடித்துவிடலாம். வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்துவிடும். ரத்தநாளத்தில் திரவம், கிருமி எதிர்ப்பு மருந்து, வாந்தியை நிறுத்த ஊசி என்று இரவும் பகலும் நின்று பார்த்தாலும் பல குட்டிகள் போய்விடுகின்றன. அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும், சாதாரண சோப்புக்கும் பினாயிலுக்கும் அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் கொல்லும். செருப்பில் ஒட்டியும் வரும், ஆகவே வீட்டைவிட்டு வெளியேறாத பூனைக்கும் தடுப்பூசி வேண்டும். ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், நான்கு மாத வயது தாண்டும்வரை போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புசக்தி அந்த முதல் ஊசியை வேலைசெய்ய விடாமல் முறித்திருக்கலாம் என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி மலச்சிக்கல். "ரெண்டு நாளா மோஷன் போகல டாக்டர், மணல்ல போய்ப் போய் உக்காந்து முக்குது. விளக்கெண்ணெய் குடுத்தோம்." இந்த வாக்கியத்தைக் கேட்டதும் நான் கேட்பது ஒன்றே ஒன்று: "ஆணா, பொட்டையா?" ஆண் என்றால் மற்ற நோயாளிகளை நிறுத்திவிட்டு அதை மேசைக்கு ஏற்றுகிறேன். ஆண்பூனையின் மூத்திரக்குழாய் நுனியில் மிகக் குறுகலானது. படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் மூத்திரம் வராது. முக்கும் தோரணை மலச்சிக்கலைப்போலவே இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அடிவயிற்றை இரண்டு பக்கமும் விரல்களால் மெதுவாகப் பிடித்தால் தெரியும். மூத்திரப்பை கல்லாக இறுகி, தொட்டதும் பூனை அலறும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போய் இதயத்துடிப்பைக் குலைக்கும், வாந்தியும் வரும். அதனாலேயே "வயித்துக் கோளாறு" என்ற பெயரில் வருகிறது. அடைப்பை எடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். வீட்டில் ஆண்பூனை இருப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: மணலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெய்யான மலச்சிக்கலும் வரத்தான் செய்கிறது, தண்ணீர் குடிக்காமல் உலர்தீனி மட்டும் தின்பதால், தின்ற எலும்பு குடலில் சேர்ந்துபோவதால். எப்போதோ வண்டியில் அடிபட்டு இடுப்பெலும்பு கோணலாகக் கூடி வழி குறுகியிருக்கலாம். மனிதர்களுக்காக மருந்துக்கடையில் விற்கும் பாஸ்பேட் எனிமாவை மட்டும் பூனைக்கு வைக்கக் கூடாது. ரத்தத்தின் உப்புகளைத் தாறுமாறாக்கிக் கொன்றுவிடும்.

சாப்பிடவில்லை என்பதை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "பட்டினி போட்டா வயிறு சரியாயிரும்" என்பார்கள். பூனையிடம் அது செல்லாது, அதிலும் குண்டுப் பூனையிடம். மூன்று நாள் நான்கு நாள் வெறும் வயிற்றோடு இருந்தால் உடம்பின் கொழுப்பு கல்லீரலுக்கு வந்து குவிந்து, அதை அடைத்து, காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகிவிடும். முதலில் வந்த நோய் சின்னது, பட்டினியால் வந்தது பெரியது. இதில் மருந்தைவிடச் சோறுதான் வைத்தியம். மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய் வைத்து வாரக்கணக்கில் ஊட்டியிருக்கிறோம். வீட்டுக்காரர்கள் அலாரம் வைத்து எழுந்து ஊட்டுகிறார்கள்.

வயதான பூனையின் வாந்தி பல நேரம் வயிற்றின் நோயாக இருப்பதில்லை. பத்து வயதைத் தாண்டியது, அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, வாயில் ஒரு நாற்றம், எப்போதாவது வாந்தி என்றால் நான் சிறுநீரகத்தைத்தான் பார்ப்பேன். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகத்தில் முக்கால்பங்கு வேலையிழந்திருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறது, முன்னைவிடச் சுறுசுறுப்பு, ஆனால் எலும்பும் தோலுமாகிறது என்றால் தைராய்டு. பூனைக்கும் இந்த நோய் உண்டு என்பதே 1979-இல்தான் பதிவானது. பூனைகளில் பித்தநாளமும் கணையநாளமும் சேர்ந்து ஒரே வாயில் வழியாகக் குடலில் திறப்பதால், குடல் அழற்சி, கணைய அழற்சி, பித்தநாள அழற்சி மூன்றும் கைகோத்து வருவதும் உண்டு. நாய்போல வாந்தியெடுத்துக் காட்டிக்கொள்ளாமல், கணையநோயோடு ஒரு மூலையில் சும்மா குறுகி உட்கார்ந்திருக்கும் பூனைகள் எத்தனையோ.

வயதான பூனைக்கு வரும் இந்த நோய்களில் பெரும்பாலும் முதலில் தெரிவது எடைக்குறைவு. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. ரோமம் மறைத்துவிடும். அதற்குத் தனித் தராசு வேண்டாம். பூனையைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடைமெஷினில் ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை காலண்டரில் குறித்துவையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இழப்பது, 60 கிலோ ஆள் 6 கிலோ இழப்பதற்குச் சமம். அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வருகிறவர்களின் பூனைக்கு நான் பாதி வழியிலிருந்தே வைத்தியத்தைத் தொடங்கிவிட முடிகிறது.